நாற்பத்தொன்றாம் பக்கத்துக்காரி

நூலகத்தில் தான் எழுதிய புத்தகத்தைக் கையில் எடுத்தால் சிரில் பெர்கின் அட்டையைப் பார்ப்பதில்லை. நேராக நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போய்விடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்க எண்ணுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், மீன் புதிதுதானா என்று முகர்ந்து பார்ப்பவர் போல ஒரு நிமிடம் நிற்பார். பிறகு பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைப்பார். வைக்கும்போது மற்ற புத்தகங்களைவிட அரை அங்குலம் முன்னால் நிற்கும்படி வைப்பார். பிப்ரவரியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் இதுதான் நடக்கிறது.

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில் இரவல் புத்தகம் படிக்கும் வயதானவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்பது அவர்களுக்கு நினைவில் தங்குவதில்லை. அதனால் ஆளுக்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு, படித்தபடி அந்தப் பக்கத்துக்கு வந்ததும் பென்சிலால் பொடியாக ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள். பதினெட்டில் ஒருவர் முக்கோணம் போடுகிறார். ஐம்பத்தாறில் ஒருவர் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுகிறார், நடுங்கும் கை போலிருக்கிறது. நூலகர் மிசஸ் ஹெப்டன் இதைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவார். “அது இல்லேன்னா ஒரே புத்தகத்தை மூணு தடவை தூக்கிட்டுப் போயிட்டு, பழசையே என் தலையில கட்டுறியேன்னு என்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க,” என்பார். ஆனால் ஓரத்தில் யாராவது ஒரு சொல் எழுதிவிட்டால் தொலைந்தார்கள். அதற்கென்றே மேசை இழுப்பறையில் செங்கல் கனத்துக்கு ஒரு ரப்பர் வைத்திருக்கிறார்.

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே பெர்கின் எழுத ஆரம்பித்தார். இருபத்தாறு வருடங்களில் முப்பத்து நான்கு புத்தகங்கள். முதல் பாதியில் பேய் வரும். இரண்டாம் பாதியில் இன்ஸ்பெக்டர் லம்லி வந்து, பேயும் இல்லை பிசாசும் இல்லை, சொத்துக்கு ஆசைப்பட்ட மருமகன்தான் என்று பிட்டுப்பிட்டு வைப்பார். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஏதாவது ஒரு சின்ன விஷயம், ஓர் ஈரக் காலடியோ தானாக ஆடும் நாற்காலியோ, யாராலும் விளக்க முடியாமல் மிஞ்சியிருக்கும். இத்தனையும் எழுதிய மனிதருக்குக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளப் பயம். தொப்பி ஊசியால் குத்திக் கொல்லும் கதையை எழுதிய மாதத்தில் அக்கா வின்னியின் தொப்பி ஊசிகளையெல்லாம் நிலக்கரி அறையில் ஒளித்து வைத்திருந்தார். “ஞாயித்துக்கிழமை மாதாகோவில் வாசல்ல காத்து அடிச்சு, என் தொப்பி கடலுக்கே போயிடுச்சு,” என்று வின்னி இன்னும் குத்திக்காட்டுவாள்.

அவருடைய புத்தகங்களைக் கடையில் வாங்குபவர் யாரும் கிடையாது. நூலகங்கள்தான் வாங்குகின்றன. வாசகர் கடிதம் என்று இதுவரை ஒன்றுகூட வந்ததில்லை. ஆனால் முதல் முப்பத்து மூன்று புத்தகங்களிலும் நாற்பத்தொன்றாம் பக்கத்தின் கீழே, குருவியின் கால்தடம் போல, சாய்வாக இரண்டு சிறு கோடுகள் இருக்கின்றன. பென்சில் அழுத்தமில்லாமல் படிந்திருப்பதால் அது ஒரு பெண்தான் என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டார். அவளுக்காகத்தான் எழுதினார். அச்சில் நாற்பத்தொன்றாம் பக்கம் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் கெட்ட வார்த்தை எதுவும் வராமல் பார்த்துக்கொள்வார். முப்பத்து நான்காவது புத்தகத்தில்தான் அந்தக் கோடுகள் விழவில்லை.

அதோடு அவர் கையும் நின்றுவிட்டது. முப்பத்தைந்தாவது கதை மூன்றாம் அத்தியாயத்தில் கிடக்கிறது. கார்பன் தாள் செருகிய தட்டச்சு இயந்திரத்தின் முன் காலையில் உட்காருவார், மதியம் எழுந்திருப்பார், தாளில் தேதி மட்டும் இருக்கும். லண்டனிலிருந்து பதிப்பகத்துப் பையன் ஜெரமி வாரம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுகிறான். “ஆகஸ்டுக்குள்ள வேணும் சார். இல்லேன்னா எங்க பட்டியல்ல உங்களுக்கு இடம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது.” அவன் வைத்த பிறகும் பெர்கின் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்.

வியாழக்கிழமைதோறும் உள்ளூர்ப் பத்திரிகையில் இறந்தவர்கள் பட்டியலைப் படிப்பார். பெயர் தெரியாது, முகம் தெரியாது, யாரைத் தேடுகிறோம் என்பதும் தெரியாது. இருந்தும் ஒவ்வொரு பெயரின் மேலும் விரலை வைத்து நிறுத்துவார்.

“யாரோ ஒரு கிழவி கோடு போடலேன்னு டீயை ஆற வச்சுட்டு உக்காந்திருக்கியே! அவ மூக்குக் கண்ணாடியைத் தொலைச்சிருப்பா,” என்றாள் வின்னி.

“நாலு மாசமாவா, அக்கா?”

“நீ எட்டு வருஷமா குடையைத் தேடலையா?”

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேறொரு ஆசிரியரின் துப்பறியும் கதை அவர் கையில் அகப்பட்டது. ஏப்ரலில் வந்த புதுப் புத்தகம். பழக்கதோஷத்தில் நாற்பத்தொன்றைத் திறந்தார். குருவிக்கால் இரண்டும் அங்கே இருந்தன. உயிரோடு இருக்கிறாள்! மனிதர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த எண்ணம் வந்துவிட்டது. அப்படியென்றால் என்னைத்தான் கைவிட்டுவிட்டாள். செத்துப் போயிருந்தால்கூட அழுதுவிட்டுப் போயிருக்கலாம், இது அதைவிடக் கொடுமை.

தன் முப்பத்து நான்காவது புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து துப்பு துலக்கினார், லம்லியைப் போல. முப்பத்தெட்டாம் பக்கத்தின் மூலை மடங்கியிருந்தது. அடையாளத்துக்காக மடித்த மடிப்பு அல்ல, நகத்தால் அழுத்திக் கோபத்தோடு மடித்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் வின்னிக்கு வாசித்துக் காட்டினார். தம்பியின் புத்தகம் எதையும் அவள் படித்ததில்லை, படித்தால் தூக்கம் வராது. கதையில் சமையற்காரரின் கழுத்து அறுபட்டபோது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில், பாதாள அறைப் படிக்கட்டில் ரஸ்டி என்ற கிழட்டு நாய் அடிபட்டு விழுந்தது. வின்னி கத்தியைக் கீழே வைத்தாள்.

“நாயையா? நாயையாடா கொன்னே?”

“ஜெரமிதான் சொன்னான், அக்கா. ஜனங்க நடுங்கணுமாம்…”

“மனுஷனை எத்தனை பேரை வேணாலும் கொல்லு, யாரு கேக்கப்போறா? அந்த வாயில்லாத ஜீவன் உன்னை என்னடா பண்ணுச்சு? நானா இருந்தா புத்தகத்தைக் கடல்ல வீசியிருப்பேன்.”

அன்று மாலை அவர் சாப்பிடவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் துப்பறியும் கதை எழுதிய மூளை அதற்குள் வேறொரு கணக்குப் போட்டது. நாற்பத்தொன்றுக்கு முன்பே மூடிவிட்டாள், அதனால் அடையாளம் இல்லை. அடையாளம் இல்லாத புத்தகம் அவளுக்குப் படிக்காத புத்தகம். மறந்துபோய் என்றாவது ஒருநாள் மறுபடியும் எடுப்பாள்.

வெள்ளிக்கிழமை நூலகத்தின் கடைசி மேசையில், முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்தார். நூலகப் புத்தகத்தில் ஒரு புள்ளிகூட வைத்தறியாத மனிதர் முப்பத்தெட்டாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதினார்: ‘ரஸ்டி சாகவில்லை. மயக்கம்தான். இப்போது தோட்டக்காரர் வீட்டில் இருக்கிறது. தவறு என்னுடையது. — ஆசிரியர்.’ மிசஸ் ஹெப்டன் தலையைத் தூக்கியபோது பெர்கினின் காது மடல் சிவந்துவிட்டது.

“என்ன சார், வேர்த்துக் கொட்டுது? சன்னலைத் திறக்கட்டுமா?”

“வேணாம்மா. பேய்க்கதைதானே, அதான்.”

பிறகு ஐந்து வாரம். புத்தகம் ஒருமுறை வெளியே போய் வந்தது, ஐம்பத்தாறாம் பக்கத்தில் நடுங்கும் வட்டம் விழுந்திருந்தது, அவ்வளவுதான். இன்னொரு முறை போனது. ஜெரமி ஆகஸ்டை நினைவூட்டிக்கொண்டே இருந்தான்.

சென்ற செவ்வாய்க்கிழமை புத்தகம் அலமாரியில் திரும்ப நின்றது. நாற்பத்தொன்றைத் திறந்தார். அங்கே ஒரு கோடு இருந்தது. இரண்டு அல்ல, ஒன்றே ஒன்று. அவசரமாக முப்பத்தெட்டுக்குத் தள்ளினார். மூலை நிமிர்த்தி விடப்பட்டிருந்தது. அவர் எழுதியதற்குக் கீழே, அழுத்தமில்லாத பென்சிலில், ஒரு கேள்வி: ‘அதற்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள்?’

நின்ற இடத்திலேயே, சட்டைப் பையிலிருந்து பென்சில் துண்டை எடுத்து, புத்தகத்தை அலமாரியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எழுதினார்: ‘காலையில் தோட்டக்காரர் மனைவி. மாலையில் நான்.’

“மிஸ்டர் பெர்கின்! அங்க என்ன பண்றீங்க?”

மிசஸ் ஹெப்டன் வந்துகொண்டிருந்தார், கையில் அந்த ரப்பர். குளியலறைக் கதவுக்குப் பயப்படும் மனிதர் நகரவில்லை, தலை குனியவில்லை. அந்த வரிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.