களத்தில் எடுத்த செருப்பு

செருப்புக் காலோடு நாங்கள் களத்தில் ஏற மாட்டோம். எங்கள் மலையில் இதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. சாமை அடித்துக் குவிக்கிற இடம், சாணி போட்டு மெழுகிய இடம். செருப்பை ஓரத்திலேயே கழற்றிவிட்டு ஏறுவோம். குடித்துவிட்டு வருகிறவன்கூட ஒற்றைக் காலில் தள்ளாடி நின்று கழற்றுவான். இந்தக் கொலை வழக்கைப் பற்றி டிவியில் எத்தனையோ பேர் பேசினார்கள். இது தெரியாமலே பேசினார்கள். அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

செத்தவர் கீழ்நாட்டுக்காரர், பெரிய புள்ளி. எங்கள் மலையில் அரியூர் நாட்டுப் பக்கம் லாட்ஜு கட்டியிருந்தார். படுத்திருந்த அறையிலேயே அவரை வெட்டிப் போட்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் தலையில் குடையைக் கவிழ்த்து வைத்த டிவி வண்டிகள் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. வளைவில் ஒரு வண்டி சிக்கிக்கொண்டு, பஸ்ஸெல்லாம் நின்றுபோனது. சந்தைக்குப் போன மிளகு மூட்டைகள் வழியிலேயே கிடந்தன.

அந்த லாட்ஜில் வாட்ச்மேன் என் கொழுந்தன் மகன். அவன் தாய் காட்டு வேலைக்குப் போன நாளெல்லாம் என் இடுப்பில் இருந்தவன். அவனைத்தான் போலீஸில் பிடித்துப் போனார்கள். வெறுங்காலோடு ஜீப்பில் ஏற்றினார்கள், அவன் செருப்பு லாட்ஜு வாசலிலேயே கிடந்தது என்று அங்கே வேலை பார்த்த இரண்டு பேர் அன்றைக்கே வந்து சொன்னார்கள். பிறகு அந்த இரண்டு பேரும் சொன்னது நினைவில்லை என்று ஒதுங்கிவிட்டார்கள். அவர்கள் பிழைப்பு அங்கேதான் இருந்தது.

சில நாள் கழித்து அவனை ஊருக்குக் கூட்டி வந்தார்கள். களம் எங்கள் இரண்டு ஊட்டுக்கும் பொது. ஜீப் அங்கே வந்து நின்றது. அவன் இறங்கும்போதே பார்த்தேன், நடை மாறியிருந்தது. குதிகாலை ஊன்றவில்லை. காலில் யாருடையதோ ஒரு பெரிய செருப்பு, கையில் விலங்கு. களத்து ஓரம் வந்ததும் அந்தச் செருப்பைக் காலாலேயே உதறிவிட்டு வெறுங்காலோடு ஏறினான். இன்ஸ்பெக்டர் பூட்ஸோடு ஏறினார். காமிராக்காரர்களும் அப்படியே ஏறினார்கள்.

"எங்கடா வெச்சே? காட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் தலையைத் தூக்கவில்லை. கையும் காட்டவில்லை. ஒரு போலீஸ்காரர் நேராகச் சாமைத்தாள் போருக்குப் போனார். அங்கே இங்கே துழாவவில்லை. கையை விட்டு ஒரு ஜோடி ரப்பர் செருப்பை உருவினார். நீல வார் வைத்தது, சந்தையில் எல்லோரும் வாங்குகிற செருப்பு. அதில் கறுப்பாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. ரத்தம், வெட்டும்போது அவன் போட்டிருந்த செருப்பு என்றார்கள்.

அப்போதுதான் என் ஓரகத்தி, அவனைப் பெற்றவள், மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"அடப்பாவி! களத்துலயாடா செருப்பக் கொண்டாந்து வெச்சே? உனக்குச் சோறு எறங்குமாடா?"

நான் அவள் வாயைப் பொத்தினேன். அதற்குள் எல்லாக் காமிராவும் அவள் பக்கம் திரும்பிவிட்டது.

கொலையை நினைத்து அவள் கத்தவில்லை. ரத்தத்தை அவள் பார்க்கவேயில்லை. சாமை கிடக்கிற இடத்தில் செருப்பு என்பதுதான் அவள் கண்ணுக்குப் பட்டது. தெய்வக் குத்தம் ஆகிவிடுமே என்று நெஞ்சு பதறிவிட்டது. எதிரே பிள்ளை நிற்கிறான், வாயில் அவன்தான் வந்தான். பால் பொங்கி வழிந்தாலும் பிள்ளையைத்தான் வைவோம், பானை உடைந்தாலும் பிள்ளையைத்தான் வைவோம். அங்கே நின்ற மலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது புரிந்தது. கீழே இருந்து வந்தவர்களுக்கு வேறு மாதிரிப் புரிந்தது. பெற்ற தாயே ஒப்புக்கொண்டாள் என்று சாயங்காலமே டிவியில் ஓட ஆரம்பித்தது. அவள் மாரில் அடித்துக்கொண்டதை மறுபடி மறுபடி காட்டினார்கள்.

வாய்தாவுக்கு நாமக்கல் போகும்போதெல்லாம் பஸ்ஸில் இதே பேச்சுத்தான். ஒருநாள் நாங்கள் இருவரும் முன் சீட்டில் இருந்தோம். அவள் முந்தானையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். பின்னால் ஒருவர் சொன்னார்:

"அட, போலீசே வெச்சதுங்க அது. போரப் பிரிக்காம கைய உட்டு எடுக்கறாரே! கோழி முட்டை வெச்ச எடங்கூட அப்படி நேராத் தெரியாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"செரி, அப்பறம் ஏனுங்க அவனாத்தாளே அப்படிக் கத்துனா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"அது ஒண்ணுதான் எனக்கும் இடிக்குது."

"பெத்தவளுக்குத் தெரியாதா, சொல்லுங்க."

ஓரகத்தி என் கையைப் பிடித்தாள். "எறங்கிக்கலாங்க்கா."

"எதுக்கு எறங்கோணும்? நம்மளும் டிக்கெட் எடுத்துத்தான் வாரோம். உக்காரு புள்ள."

பஸ் கீழே போய்ச் சேரும்வரை அவள் நிமிரவில்லை.

விசாரணைக்கு முன்னால் எங்கள் வக்கீல் என்னைக் கூப்பிட்டார். களத்தை ஒட்டி இருப்பது என் ஊடு. என் சாட்சிதான் முக்கியம் என்றார். "முந்தின நாள் போலீஸ் ஜீப் களத்துப் பக்கம் வந்துச்சு, ஒருத்தர் போர்கிட்டப் போனார்னு சொல்லுங்கம்மா, போதும். மலையே அதத்தானே சொல்லுது."

"மலை சொல்லுதுன்னா மலையக் கூப்பிட்டுக் கேளுங்க. நான் பாக்கலைங்க."

ஓரகத்தி வக்கீல் ஆபீஸ் வாசலிலேயே என் காலைப் பிடித்துவிட்டாள். "ஒரே ஒரு வார்த்தைங்க்கா. எம்மவன் வந்துருவான்."

நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். அந்த வார்த்தையை மட்டும் கொடுக்கவில்லை. என்னைக் கல் நெஞ்சுக்காரி என்று ஊரில் சொன்னார்கள். சொல்லட்டும். போலீஸ்காரர்கள் போரில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை எடுக்க நானும் ஒன்றைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் வைப்பதா? அவன் செருப்பை உதறிவிட்டு ஏறினானே, அதை நான் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பொய்யை வைத்தால் அந்த நிஜமும் பொய்யோடு போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொன்னேன். களத்தின் வழக்கத்தைச் சொன்னேன். அவள் கத்தியது எதற்கென்று சொன்னேன். அரசு வக்கீல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார்.

"ஒருத்தர வெட்டிப்போட்டு ஓடி வர்றவன், களத்தோரமா நின்னு செருப்பக் கழட்டிட்டுத்தான் ஏறுவானாம்மா?"

பின்னால் சிரித்தார்கள்.

"வெட்டுனவன் என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியாதுங்க. எங்க பையன் என்ன பண்ணுவான்னு தெரியுமுங்க."

"போலீஸ் வெச்சதப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"வேற யாராவது வெச்சதப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

முடிந்ததும் குமாஸ்தா ரேகை வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நீட்டினார். எனக்குக் கையெழுத்து வரும் என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. தாய் சொன்ன சொல்லும் அதில் இருக்கிறது என்று வக்கீல் படித்துக் காட்டினார். மேல் கோர்ட்டில் அப்பீல் கிடக்கிறது. டிவிக்காரர்களுக்கு இப்போதுதான் சந்தேகம் வந்திருக்கிறது. செருப்பை யார் வைத்தது என்று மேசை போட்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். ஊட்டுக்கு வந்து என்னையும் பேசச் சொன்னார்கள். கோர்ட்டில் சொன்னதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

போன மாதம் ஜெயிலுக்குப் போனோம். ஓரகத்திக்குத் தனியாகப் போகத் தெரியாது, அதனால் என்னோடு வருகிறாள். எங்களுக்குள் பேச்சு நின்று வெகுநாளாகிவிட்டது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றான். தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது. தாயிடம் மாட்டைப் பற்றிக் கேட்டான், மரவள்ளி பிடுங்கியாச்சா என்று கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பெரீம்மா, நான் பண்ணலைன்னு நீங்க நம்பறீங்களா?"

"நம்பறேன் சாமி" என்றேன். யோசிக்கவில்லை.

அவன் நெற்றியை வலையில் வைத்துக்கொண்டான். பக்கத்திலிருந்து ஓரகத்தி பேசினாள்.

"இத அங்க கூண்டுல நின்னு சொல்லியிருக்கலாமில்லீங்க்கா."

"அங்க நம்பறியான்னு கேக்கல புள்ள. பாத்தியான்னுதான் கேட்டாங்க."

"நீங்க பெத்திருந்தாப் பாத்திருப்பீங்க."

எனக்குப் பிள்ளை இல்லை. ஒரே வாசலில் வாழ்ந்த இத்தனை வருஷத்தில், எவ்வளவோ சண்டையில், அவள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. நேரம் ஆகிவிட்டது என்று காவலர் அவன் தோளைத் தொட்டார்.