இன்னும் ஒரு கிலோ

எடை பார்க்கும் மெஷினில் ஏறுமுன் சசிகலா செருப்பைக் கழற்றுவாள். பிறகு வளையல், கொண்டை ஊசி, இடுப்பில் செருகிய செல்போன். "காலையிலேருந்து தண்ணிகூட குடிக்கலங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். மூச்சுக்கும் எடை உண்டென்பது அவள் நம்பிக்கை.

எறையூரில் இட்லி மாவு அரைத்து விற்பவள். வயது முப்பத்துமூன்று, கல்யாணமாகிப் பதினோரு வருடம், இன்னும் குழந்தை இல்லை. ஊருக்கே மாவு ஊற்றுகிற அவள் இட்லியைத் தொட்டு நான்கு மாதமாகிறது. பெரம்பலூர் கருத்தரிப்பு ஆஸ்பத்திரி டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "எண்பத்தாறு கிலோவுக்கு ஊசி மருந்து நிறைய ஏத்தணும்மா. அப்பவும் முட்டை சரியா வளருமான்னு சொல்ல முடியாது. ஒரு எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க, ஆரம்பிப்போம்."

அதே ஆஸ்பத்திரிக்குக் கொழுந்தன் மனைவி ஜோதியும் வந்தாள். கல்யாணமாகி மூன்றே வருடம். நாற்பத்தாறு கிலோ. இரண்டாம் தடவையிலேயே அவளுக்கு ஊசி தொடங்கிவிட்டது, அதுவும் குறைந்த அளவில். பஸ் ஸ்டாண்டில் ஜோதி முட்டைபோண்டா தின்னும்போது சசிகலா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். "அவளுக்கென்ன, காத்துல பறக்குற ஒடம்பு" என்பாள் கணவன் முத்துவேலிடம். நாளடைவில் ஜோதி என்ற பேரே அவள் வாயில் வருவதில்லை. 'அந்தப் புள்ள' ஆகிவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை மெஷின் எழுபத்தொன்பது காட்டியது. இன்னும் ஒரு கிலோதான். வளையலை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் நர்ஸ், ஜோதியை மாடி வார்டில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். குறைந்த மருந்துக்கே முட்டைகள் ஏராளமாக வளர்ந்து, அவற்றை எடுத்த பிறகு வயிற்றில் நீர் கோத்துவிட்டதாம். கருவை இந்த மாதம் வைப்பதற்கில்லை.

படியேறும்போது சசிகலாவுக்கு மனம் லேசாக இருந்தது. அவளும் காத்துக் கிடக்கட்டும் என்று தோன்றியது. "அப்படித்தான் நெனச்சேன், பொய் சொல்ல மாட்டேன்" என்று பின்னால் முத்துவேலிடம் அவளே சொன்னாள்.

ஜோதி தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன உடம்பில் வயிறு மட்டும் ஏழு மாதம்போல் உப்பியிருந்தது.

"அக்கா, பாவாடை நாடா அறுக்குது. அவுக்க வரல. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

சசிகலா திரையை இழுத்துவிட்டாள். வியர்வையில் ஊறிய முடிச்சு இறுகிக் கிடந்தது, நகம் நுழையவில்லை. கட்டிலோரம் மண்டியிட்டு, அந்த வயிற்றின்மேல் பாரம் விழாதபடி ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.