வாய் திறக்காமல் நடத்திய தேர்தல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மைக் டீச்சரைத் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மாடியில் எட்டாம் வகுப்புக்கு அவர் சமூக அறிவியல் எடுத்தால், கீழே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பாதிப் பாடம் ஏறிவிடும். பக்கத்து அறைக் கணக்கு சார், "உங்க புண்ணியத்துல மேலவை, கீழவை எல்லாம் எனக்கு மனப்பாடம் மேடம். என் பசங்களுக்குத்தான் பின்னம் வரமாட்டேங்குது" என்பார்.

எல்லாப் பாடமும் நன்றாக எடுப்பார் என்றாலும், தேர்தல் பாடம் வந்துவிட்டால் டீச்சருக்குத் தனி வேகம் பிடித்துவிடும். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு வகுப்புத் தலைவர் தேர்தலையே நடத்துவார். மனுத் தாக்கல், பிரசாரம், ஓட்டுச்சீட்டு, அட்டைப்பெட்டி, எண்ணிக்கை எல்லாம் உண்டு. நடத்துவது பிள்ளைகள் என்று பேர். உண்மையில் தேர்தல் அதிகாரி, போலீஸ், நீதிபதி எல்லாமே டீச்சரின் தொண்டைதான். "வரிசை! வரிசை! அங்க என்ன எட்டிப் பாக்கறே? ரகசியம்னா என்னன்னு நேத்துதானே சொன்னேன்?"

அந்தத் தொண்டைதான் அந்த வருஷம் காலை வாரிவிட்டது.

முதலில் கரகரப்பு. டீச்சர் வெந்நீர் குடித்துப் பார்த்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பார்த்தார். பிறகு வாக்கியத்தின் நடுவில் குரல் அறுந்து விழ ஆரம்பித்தது. "இதென்ன, பழைய ரேடியோ மாதிரி" என்று கிண்டல் செய்துகொண்டிருந்த வீட்டுக்காரரே ஒருநாள் கிண்டலை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். வீடு வீடாக ஒயரிங் செய்கிற மனிதர்; எந்தக் கோளாறையும் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாண்மேல் சின்னதாக ஒரு கட்டி என்றார். எடுத்துவிடலாம், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பணும், என்ன ஏது என்று அதற்கப்புறம்தான் சொல்ல முடியும்.

"கெட்ட கட்டியா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டது வீட்டுக்காரர்தான். டீச்சருக்கு அந்தக் கேள்வி வாயில் வரவில்லை.

"இப்பவே ஏன் பயப்படறீங்க? ரிசல்ட் வரட்டும்."

கட்டியை எடுத்தாகிவிட்டது. புண் ஆறும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது, அது இன்னும் மோசம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு சின்னப் பலகையும் பேனாவுமாக டீச்சர் நடமாடினார். வீட்டுக்காரர் முன்னைவிட இரண்டு மடங்கு பேசினார். வயர் விலை, பக்கத்து வீட்டு மோட்டார், வெயில் என்று எதையாவது. சிரிக்க வைக்கத்தான் பேசுகிறார் என்று டீச்சருக்குத் தெரியும். ஆனாலும் அடுப்படியில் தனியாக நிற்கும்போது பலகையில் எழுதாத கேள்விகள் வந்து நிற்கும். அந்த ரிசல்ட் என்னவோ? குரல் திரும்புமா? குரலே இல்லாத டீச்சரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் என்ன செய்யும்?

நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. டாக்டரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார். தலைமை ஆசிரியைக்குச் சந்தேகம். "தேர்தலைத் தள்ளிப்போடுவோமே. நீங்க பேச ஆரம்பிச்சதும் ஜாம்ஜாம்னு நடத்திக்கலாம்."

டீச்சர் பலகையில் எழுதிக் காட்டினார்: "தேதி அறிவிச்சாச்சு. ஆளுக்காகத் தள்ளிப்போட்டா அதுக்குப் பேர் தேர்தல் இல்ல."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "எழுத்துலயும் சத்தமாத்தான் இருக்கீங்க" என்றார்.

போட்டி இரண்டு பேருக்கு. ஒருவன் லாரி. வருகிறான் என்றால் பத்து அடி முன்னாலேயே ஹாரன் அடிக்கிற மாதிரி சத்தம் வரும், அதனால் அந்தப் பெயர். அவன் எடுத்துக்கொண்ட சின்னம் செருப்பு. "தினமும் போடறீங்க, இன்னிக்கும் போடுங்க!" என்று வராந்தா முழுக்கக் கத்தி ஓட்டுக் கேட்டான். இன்னொருத்தி கமா. எந்த வாக்கியத்தையும் நடுவில் நிறுத்தி, யோசித்து, அப்புறம்தான் முடிப்பாள். அவள் சின்னம் ரப்பர். "நான் தப்புப் பண்ணினா... சொல்லுங்க, அழிச்சுட்டுத் திருத்திக்கறேன்" என்பதுதான் அவளுடைய மொத்தப் பிரசாரமும்.

விதிகளைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்து, சார்ட் தாளில் எழுதிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். வகுப்பிலிருந்தே மூன்று தேர்தல் அதிகாரிகள். டீச்சர் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். வரிசை வளைந்தது, அவர்களே நேராக்கிக்கொண்டார்கள். ஒருத்தி சீட்டை இரண்டாகக் கிழித்துவிட்டு விழித்தாள். அதிகாரிகள் கூடிப் பேசி வேறு சீட்டுக் கொடுத்தார்கள். டீச்சரால் உட்காரவே முடியவில்லை. ஓட்டத் தெரிந்தவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு வேறு யாரோ வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது.

வினை எண்ணும்போது வந்தது. இரண்டு பக்கமும் சமமாக ஏறிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு சீட்டு மிச்சம். அதிகாரிப் பெண் பிரித்துப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள். ரப்பருக்கு எதிரே இருந்த கட்டத்துக்குள் டிக் இல்லை, பெருக்கல் குறி இல்லை. ஒரு சிரித்த மூஞ்சி.

"செல்லாது!" லாரியின் நண்பன் எழுந்தான். "கட்டத்துல ஒரே ஒரு குறிதான் போடணும்னு விதி. இதுல ரெண்டு கண்ணு, ஒரு வாய். மொத்தம் மூணு குறி!"

"வட்டத்தை விட்டுட்டியேடா, நாலு!" என்று இன்னொருவன் எடுத்துக் கொடுத்தான்.

"மூஞ்சின்னா ஒண்ணுதான். உனக்கு எத்தனை மூஞ்சி?" என்று எதிர்ப்பக்கம் ஒருத்தி கத்தினாள்.

வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. அந்த இரைச்சலுக்கு மேலே ஒருவன், "யார் போட்டதுன்னு கேட்டா முடிஞ்சுது. போட்டவங்க எழுந்திரிங்க!" என்றான். எல்லாத் தலையும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியது. மூன்றாவது பெஞ்சில் ஒரு குழந்தை தலையைக் குனிந்துகொண்டது.

டீச்சர் துள்ளி எழுந்துவிட்டார். வாயும் திறந்துவிட்டது. தொண்டை வரை வந்த சத்தத்தைக் கையால் கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். சாக்பீஸை எடுக்க இரண்டு எட்டு வைத்தார்.

அதற்குள் கடைசி பெஞ்ச் நெட்டையன் பேசினான். வாயிலிருந்து முத்து உதிர்கிறதா என்று வருஷம் முழுக்கக் காத்திருக்க வேண்டிய பையன். "அதைக் கேக்கக் கூடாதுடா. இன்னிக்கு எழுந்திரிக்கச் சொன்னா, அடுத்த தடவை பயந்துக்கிட்டுத்தான் ஓட்டுப் போடுவாங்க. அப்புறம் எதுக்கு ரகசியம்?"

வகுப்பு அடங்கியது. டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றார். எத்தனையோ வருஷமாக அவர் கத்திக்கொண்டிருந்த விஷயம். இவ்வளவு மெதுவாகச் சொல்லியும் முதல் பெஞ்ச் வரைக்கும் கேட்டிருக்கிறது.

அதிகாரிகள் மூவரும் மூலையில் கூடினார்கள். சின்னத்துக்கு எதிரே இருக்கிறது, கட்டத்தைத் தாண்டவில்லை, யாருக்குப் போட்டது என்பதில் குழப்பம் இல்லை. ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று, ஓட்டுச் செல்லும் என்றார்கள். ரப்பர் ஜெயித்தது.

லாரிக்கு முகம் தொங்கிவிட்டது. அவன் நண்பன் மேஜைக்குப் பாய்ந்து சீட்டுக் கட்டைக் கையில் எடுத்தான். "எல்லாத்தையும் கிழிச்சுப் போடறேன். மறுபடியும் வைக்கட்டும்!"

"வைடா அதை." லாரியின் குரல் உடைந்திருந்தது. "எனக்குப் போட்டவங்க சீட்டும் அதுலதானே இருக்கு?"

நண்பன் வைத்துவிட்டான். லாரி மறுபடி எண்ணச் சொன்னான், எண்ணினார்கள். இன்னொரு தடவை எண்ணச் சொன்னான், முணுமுணுத்துக்கொண்டே எண்ணினார்கள். அதற்குமேல் கேட்க அவனுக்கே வெட்கமாக இருந்தது போல. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கமாவிடம் போய், "நான் எதிர்க்கட்சித் தலைவர். தினமும் கேள்வி கேப்பேன்" என்றான்.

"கேளு, ஆனா..." கமா நிறுத்தினாள். வகுப்பே காத்திருந்தது. "காதுகிட்ட வந்து கத்தாதே."

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. டீச்சரும் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். நம் சத்தம் இல்லாமலே நடந்துவிட்டதே என்று ஒரு ஓரத்தில் சுருக்கென்று குத்தியதும் உண்மை. ஆனால் பெரிதாக ஏதோ ஒரு சுமை இறங்கியிருந்தது. குரல் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வகுப்புக்குள் நுழைய ஒரு வழி இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் ரிசல்ட் வந்தது. டாக்டர் அறைக்கு வெளியே வீட்டுக்காரர், சுவரில் இருந்த ஸ்விட்ச்சைக் காட்டி, "கோணலா வச்சிருக்கான் பாரு" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டி முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. சாதாரணக் கட்டி. அதிகமாக் கத்தறவங்களுக்கு வர்றதுதான். புண்ணும் ஆறிடுச்சு."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். பலகையைத் தேடினார், அவசரத்தில் பேனா கீழே விழுந்தது. "இனிமே பேசலாமா?" என்று கேட்டேவிட்டார்.

"இப்பப் பேசிட்டீங்களே" என்றார் டாக்டர். "பேசலாம். மெதுவா. வகுப்புல கத்தறது மட்டும் கிடையாது."

மருத்துவமனை வாசலில் ஆட்டோக்களும் சக்கர நாற்காலிகளுமாக ஒரே நெரிசல். வீட்டுக்காரர் நாலு படி இறங்கினார். ஐந்தாவது படியில் அப்படியே உட்கார்ந்தார். இத்தனை நாளும் வயரையும் வெயிலையும் பேசிக்கொண்டிருந்த மனிதர், சட்டைக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். படியேறுகிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

டீச்சர் பக்கத்தில் குந்தி அவர் முதுகைத் தடவினார். "என்னங்க இது, சின்னக் குழந்தை மாதிரி. எழுந்திரிங்க. வழியை மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, எல்லாரும் பாக்கறாங்க." குரல் கம்மியாக, கொஞ்சம் புதுசாக வந்தது.

வீட்டுக்காரர் நனைந்த முகத்தோடு நிமிர்ந்தார்.

"இன்னொரு தடவை திட்டும்மா" என்றார்.