குப்பம்மாளின் சுண்டுவிரல்

எங்கள் குயிலாப்பாளையத்தில் குப்பம்மாளைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு காலத்தில் எங்கள் நிலத்தில், மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்தவள். பத்து வருஷமாக ஆரோவில்லில் சிலை செய்கிற ஜெசிந்தாம்மாவிடம் சித்தாள் வேலை. வாய் மட்டும் மேஸ்திரி வாய்.

ஜெசிந்தாம்மா திண்டிவனத்துப் பெண். போன வருஷம் ஆரோவில் போகிற ரோட்டோரம், புளியமரத்துக்குக் கீழே, கால் நீட்டி உட்கார்ந்த பெரிய பொம்பளை ஒருத்தியைச் சிமெண்டில் செய்தார்கள். நடந்து வருகிறவர்கள் அந்த மடியில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டும், அதற்குத்தான் சிலை. இரண்டு மாசம் கலவை குழைத்து, சாந்து பூசி, தண்ணீர் ஊற்றியதெல்லாம் குப்பம்மாள். இடம் கொடுத்தவர்கள் ஒரு கண்டிஷன் போட்டார்கள். ஆடி முடிகிற வரை பார்ப்போம், ஜனங்கள் உட்கார்ந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம் என்று.

தப்பு செய்தது நான். ஆடி முதல் வெள்ளி, திருவக்கரையில் வக்கிரகாளியைக் கும்பிட்டுவிட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், எதிரே அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கை சும்மா இருக்குமா? பாதத்தில் குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டேன். மறுவாரம் பார்த்தால் சிவப்புப் புடவை, எலுமிச்சை மாலை, கற்பூரம். செருப்போடு கிட்டே போகவே பயந்தார்கள். மடியில் யார் உட்காருவார்கள்? ஆரம்பித்தது நான்தான் என்று மூச்சு விடவில்லை.

"என் கையால வளத்தது லட்சுமிக்கா. இடிச்சி லாரியில ஏத்துவாங்களாம்" என்று குப்பம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

மூன்றாம் வெள்ளி தூக்குவாளியோடு வந்தாள். மடியில் ஏறிச் சம்மணம் போட்டு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டாள். கவிச்சி பட்டால் கும்பிட மாட்டார்கள் என்று நினைப்பு. மாசம் ஆடி, அம்மனுக்கே கூழும் கருவாட்டுக் குழம்பும் படைக்கிற மாசம் என்பதை மறந்துவிட்டாள்.

"அம்மாவே அவ மேல வந்து கருவாடு கேட்டுட்டா!" என்றார் டீக்கடை சக்கரபாணி. ஞாயிற்றுக்கிழமை கூழோடு ஏழு சட்டிக் குழம்பு வந்து இறங்கியது.

கடைசி வெள்ளி. கும்பிட வந்த கூட்டத்தில் நானும் கற்பூரத் தட்டோடு நிற்கிறேன். குப்பம்மாள் செருப்பை உதறிவிட்டு, தன் இடது காலைச் சிலையின் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குச் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருக்கும். சிலைக்கும் அச்சு அசல் அப்படியே.

"நல்லாப் பாருங்க. ஜெசிந்தாம்மா எங்காலப் பாத்துதான் பண்ணாங்க. இத்தினி நாளா எனக்குத்தான் கற்பூரம் காட்டிக்கினு இருந்தீங்க. வேணாங்கல. இன்னைக்கு நேராவே காட்டிடுங்க. ஜல்தி, வேலைக்குப் போவணும்."

சக்கரபாணி குனிந்து இரண்டு விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ அந்த ஏழு சட்டிக் கொழம்பு?"

"நான்தான் தின்னேன். உங்க வூட்டு சட்டியில உப்பு கம்மி."

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அவர் மகள் சங்கவிதான் முதலில் மடியில் ஏறி செல்ஃபி எடுத்தாள். அப்புறம் அவள் சிநேகிதிகள். சாயங்காலம் புடவையும் மாலையும் இறங்கிவிட்டன.

ஆவணி பிறந்தது. சிலை அங்கேயே இருக்கிறது. ஒரு நாள் குப்பம்மாள் பக்கத்தில் நானும் மடியில் உட்கார்ந்தேன். மனசு கேட்காமல், "மொதல்ல குங்குமம் வெச்சது நான்தாண்டி" என்றேன்.

"தெரியும்க்கா. புளியமரத்துக்குப் பின்னால வாளியோட நின்னுக்கினு பாத்தேனே."

"அடிப்பாவி! அப்பவே சொல்றதுக்கென்ன?"

"எங்காலுல நீங்க விழுவுறது இன்னொரு தபா கெடைக்குமா?"