கல்லறையில் நீலமான துணி

பக்கத்து வீட்டு சைனிமிலி அடுப்படியில் நின்றால் சோறு வேகிறது என்று அர்த்தமில்லை. தேங்காய்ப்பாலில் வேகவைத்து நாங்கள் துண்டு போட்டுத் தின்கிற லுமிக் கடற்பாசியை அவள் கூழாகக் காய்ச்சி, மரப்பட்டையை அடித்துச் செய்த மசித் துணியில் பூசிக்கொண்டிருப்பாள்.

"தின்னற பொருளைத் துணிக்குத் தடவறியேடி" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன்.

"துணிக்கும் பசிக்கும்ல அக்கா?" என்பாள்.

என்னிடம்தான் அந்த வாயெல்லாம். அத்தைமார் முன்னால் ஊமைக்கோட்டான்.

தீவின் தலைநகரான எங்கள் சுவாவில் கலைப் படிப்பு, கடைசி வருடம். புகைப்படத்தைக் காகிதத்தில் இல்லாமல் மசியில் கொண்டுவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துத் துணியில் தடவி இருட்டில் காயவைப்பாள். வெயில் பட்ட இடம் முதலில் கறுத்து, பிறகு நீலமாகும், நிழல் விழுந்த இடம் வெளுத்து நிற்கும். அதெல்லாம் சரி, கடைசியில் தண்ணீரில் அலச வேண்டுமே! அலசினால் மசி ஊறின அப்பளம்போல் வாளியிலேயே கரைந்துபோகும். லுமி பூசினால் தாங்கும் என்று அந்த வருடம்தான் கண்டுபிடித்தாள். கைக்குட்டை அளவுத் துண்டில் தாங்கியது. பெரிய துணியில் தாங்குமா என்பது அவளுக்கே தெரியாது.

பெரிய துணி ஒன்றுதான் செய்ய முடிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்த மருந்து அதோடு தீர்ந்துபோனது. சந்தைக்காரிகளின் முகங்களை அதில் அச்சிட்டு அடுத்த வாரம் தேர்வுக்கு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பட்டம் கிடையாது. வெளிச்சம் படக்கூடாது என்று அதைக் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி, அம்மாவின் மெத்தைக்கு அடியில் வைத்தாள். படித்த பெண்ணுக்குப் புத்தி எங்கே மேயப் போயிற்றோ! மெத்தைக்கு அடியில் பாயும் மசியும் எதற்கு இருக்கும் என்று இங்கே கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் சாவுக்கு.

அந்த வாரமே அவள் பெரியப்பா இசிகேலி மாரடைப்பில் போய்விட்டார். சைனிமிலி தேவாலயத்தில் பூ அடுக்கிக்கொண்டிருந்த நேரம், அத்தை உனைசி வீட்டுக்கு வந்து மெத்தையைத் தூக்கினாள். இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அண்ணன் போனால் தங்கை செய்கிற காரியம் அது.

அடக்கம் முடிந்து, கல்லறை மண் மேட்டின் மேல் பாயையும் துணிகளையும் ஒவ்வொன்றாக விரித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே விரிந்தது சைனிமிலியின் துணி. ஒரு கோலமும் இல்லாத வெறும் மஞ்சள் பச்சை. உச்சி வெயில். அவள் என் கையைப் பிடித்த பிடியில் ஒரு வளையல் உடைந்தது.

"உன்னோடதுன்னு சொல்லுடி!"

"பெரியப்பா மேல போட்டாச்சே அக்கா. எப்படிக் கேக்கறது?"

அதற்குள் பெண்கள் பெரணி இலைகளை வைத்தார்கள். உனைசி முட்டிபோட்டு, இரண்டு உள்ளங்கையையும் துணியில் ஊன்றி அழுதாள். மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்து அப்படியே கை ஊன்றினார்கள். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார். துணி கண்ணெதிரே கறுத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ, துணி அழுகிப்போகுதே!" என்று உனைசி கையைத் தூக்கப் போனாள்.

"அத்தை, எடுக்காதீங்க! யாரும் கையை எடுக்காதீங்க!"

கத்தியது சைனிமிலிதான். பாதிரியார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அவர் ஜெபம் நீளம் என்று ஊரெல்லாம் வைகிறவள் நான். அன்றைக்கு ஆமென் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

பிறகு மழை. சுவாவில் அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. எல்லோரும் கொட்டகைக்கு ஓடினார்கள். சைனிமிலி மட்டும் நனைந்துகொண்டு நின்றாள்.

"கரைஞ்சிடும் அக்கா" என்றாள்.

கரையவில்லை. மஞ்சள் வழிந்து ஓடியது, நீலம் மேலேறியது. நீலத்தின் நடுவே வெள்ளையாகப் பெரணி இலைகள், விரல் விரித்த கைகள். நான் வாய்விட்டு அழுதேன்.

விஷயம் தெரிந்ததும் உனைசி ஒரு பாட்டம் திட்டினாள். "முன்னாடியே சொல்றதுக்கென்ன? என்னைத் திருடியாக்கிட்டியே! இப்ப என்ன, எங்க அண்ணன் மேல கிடக்கிறதை உரிச்சு எடுத்துட்டுப்போய்ச் சுவத்துல மாட்டப்போறியா?"

"இல்ல அத்தை. அது பெரியப்பாவோடது."

பட்டம் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். அவள் நேராக ஆசிரியர் ஹாலரனிடம் போய், துணி கல்லறையில் இருக்கிறது, நீங்கள்தான் வர வேண்டும் என்றாளாம். வெறுங்கையோடு வரக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். மனுஷன் இங்கே மரியாதைக்குக் கொடுக்கிற யங்கோனா வேரைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து, ஈரப் புல்லில் சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். உனைசி கைகளைக் குவித்துத் தட்டி வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் பார்க்க விட்டாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "கை அவங்களோடது. வெயில், மழை யாரோடதோ. இதுல நீ செஞ்சது என்னம்மா?" என்றார்.

சைனிமிலி தலைகுனியவில்லை.

"இவ்வளவு மழையிலயும் கரையாம கிடக்குதே சார், அதுதான் நான் செஞ்சது."

அவர் துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார். பிறகு சிரித்தார். "கண்காட்சியில உன் சுவரைக் காலியா விடறேன். இங்க வர்ற வழியை மட்டும் எழுதி ஒட்டு. மார்க்கை நான் பாத்துக்கறேன்."

"வர்றவங்க யங்கோனா கொண்டு வரணும்னும் எழுதச் சொல்லு" என்றாள் உனைசி.

அவர் போன பிறகு உனைசி அண்ணனின் மேட்டருகே நின்று, நீலத்தில் வெளுத்துக் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இப்படி ஒண்ணு செஞ்சு வெச்சிடு. நான் இருக்கும்போதே பாத்துடறேன்."

"அது முடியாது அத்தை. நீங்க போனப்புறம் நாங்க எல்லாரும் கை வெச்சாத்தானே படம் வரும்?"

உனைசி குனிந்து துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"அப்ப அன்னிக்கு நீதான் என் முகத்துக்கு நேரா உக்காந்து கை வெக்கணும்" என்றாள்.