தங்கச்சி வைத்த பாக்கெட்

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் சூளைக்காரரின் போனில் அரசியல் விவாதம் ஓடாத நாள் கிடையாது. எங்கள் செராமிக் கம்பெனியில் சூளைக்குத் தீ வைப்பதிலிருந்து ஆறவிட்டுத் திறப்பது வரை அவர் பொறுப்பு. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைப்பது என் வேலை. பொழுதுக்கும் குத்துக்காலிட்டே உட்கார வேண்டும். வராத நாளுக்குக் கூலி இல்லை.

அன்றைக்குப் போனில் விவாதம், ஸ்கூல் பிள்ளைகளுக்கு இலவசமாக நாப்கின் கொடுப்பதைப் பற்றி. நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்றார் ஒருத்தர். ஒழுங்காகப் போய்ச் சேரவே இல்லை என்றார் இன்னொருத்தர். இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுத்தாயிற்று என்று மூன்றாவது ஆள் கத்தினார். மூன்று பேரும் ஆம்பிளைகள். ஒருத்தர் வாயிலும் அந்தப் பொருளின் பெயர் வரவில்லை.

"இதையுமா கவர்மெண்டு குடுக்கும்? எங்க வூட்டுல துணிதான் வச்சாங்க. என்னா கெட்டுப்போச்சு?" என்றார் சூளைக்காரர்.

"நீங்க வச்சிப் பாத்தீங்களாண்ணே?" என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவர் போனை அணைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அதில் பெருமை வேறு.

தெரியாமல் ஒன்றும் பேசவில்லை. பிளஸ் டூ படிக்கும் என் தங்கச்சி ஸ்கூலில் கொடுத்த பாக்கெட்டை என் வேலைப் பையில் வைத்துவிடுவாள். "உனக்குடி?" என்றால், "நெறைய குடுக்கறாங்கக்கா, வச்சிக்க" என்பாள். அதற்கு முன்னால் மாதம் மூன்று நாள் கூலி போய்க்கொண்டிருந்தது. துணியை வைத்துக்கொண்டு பகல் முழுக்கக் குந்தியிருக்க முடியாது, அலச இடமும் கிடையாது.

அம்மாவுக்கு வேப்பூரில் ஓட்டல் வேலை. இருட்டோடு பஸ் ஏறிவிடுவாள். அடுத்து நான் கிளம்புவேன். கடைசியாகத்தான் தங்கச்சி. அவள் ஸ்கூலுக்குக் கிளம்பினாளா என்று பார்க்க வீட்டில் ஆளில்லை.

ஒருநாள் அவளுடைய டீச்சர் போன் செய்து, வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொன்னார். கம்பெனியிலிருந்து பையோடு அப்படியே போனேன்.

"மாசாமாசம் ஆறேழு நாளு வரதில்லம்மா. கேட்டா வயித்து வலிங்கறா. இப்படியே போனா அட்டெண்டன்ஸ் பத்தாது, பரீட்சை எழுத விடமாட்டாங்க" என்றார் டீச்சர்.

டீச்சர் பக்கத்தில் நின்ற தங்கச்சி மேல் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏண்டி, இங்கதான் நெறைய குடுக்கறாங்களே, அப்புறம் என்னா உனக்கு?"

"நெறையவா?" டீச்சர் என்னைப் பார்த்தார். "ஸ்டாக்கே சரியா வரதில்ல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, ஆளுக்கு ஒரு பாக்கெட்டு. போன வாரங்கூட குடுத்தோமே. நீ வாங்கினதானேம்மா?"

தங்கச்சி தலையை ஆட்டினாள். அந்தப் பாக்கெட் என் தோளில் தொங்கிய பையில் பாதி காலியாகிக் கிடந்தது. பையை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவமானமாக இருந்தது.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஏண்டி இப்படிப் பண்ண?"

"நீ வூட்ல இருந்தா கூலி போவுது. நான் இருந்தா என்னாக்கா போவுது?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ரயில்வே கேட் வரை நான் அழுதுகொண்டே வந்தேன்.

அவளைப் பரீட்சை எழுத விடச் சொல்லி டீச்சர் எங்கெங்கோ கேட்டுப் பார்த்தார், பாவம். நடக்கவில்லை. அடுத்த வருஷம் எழுதலாம் என்றார்கள். அடுத்த வருஷம் என்பதற்குள் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் வரைய ஆரம்பித்துவிட்டாள். நல்ல கை என்று முதலாளி மெச்சுகிறார்.

போன மாதம் மறுபடியும் அதே விவாதம் போனில் ஓடியது. சூளைக்காரர் சத்தத்தைக் கூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னாம்மா, இன்னைக்கி ஒன்னும் சொல்லக் காணம்?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தங்கச்சிதான் பதில் சொன்னாள்.

"அதெல்லாம் ஸ்கூலு போறவங்களுக்குண்ணே. எங்களுக்குக் கெடையாது."