அக்கா திருத்தச் சொன்ன சாட்சி

கர்த்தருக்குள் அன்பான சொந்தக்காரர்களே, சபையாரே, எங்கள் கம்பெனியின் தொழிலாளர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. அவர்களுடைய மகள் நர்ஸ், மகன் பள்ளிக்கூட ஆசிரியர். இருவரும் நன்றாக எழுதுவார்கள். ஆனாலும் அக்காவின் நினைவுப் புத்தகத்துக்கான இந்தக் கட்டுரையை நான்தான் எழுதுவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்தலாம், விஷயத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அக்கா பிறந்தது கலவைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்பாவுக்குக் கூலி வேலை. தோல் பதனிடும் ஆம்பூர் டேனரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்தார். வந்த மூன்றாம் வருடம் அம்மா காலமானார்கள். அப்போது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஏழு. அதோடு அக்காவின் படிப்பு நின்றது. கொஞ்சம் வளர்ந்ததும் ஷூ கம்பெனியில் சொல்யூஷன் தடவி லைனிங் ஒட்டும் வேலைக்குப் போனார்கள். அந்தப் பசையின் வாடை கடைசி வரைக்கும் அவர்களுக்கு ஆகவில்லை. பஸ்ஸில் யாராவது புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு ஏறினால்கூட ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, டேனரியில் தோல் சுழலும் டிரம் ஓட்டியவர். அதிகம் பேசத் தெரியாதவர். அவர்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்துக்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அன்றைக்குக் கிடைத்த ஒரு நன்மையைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அது போதாது. அந்த நன்மை எந்த மனுஷர் கையால் வந்ததோ அவர் பேரையும் சொல்ல வேண்டும். நேற்று சொன்ன பேரை இன்றைக்குச் சொல்லக் கூடாது. மாமா ஒரு சமயம் நாலு நாள் தொடர்ந்து டீக்கடைக்காரர் பேரையே சொன்னார். "டீக்கடைக்காரருக்கு ஆண்டவர்கிட்ட நல்ல பேரு ஆயிடுச்சி. வேற ஆள சொல்லுங்க" என்றார்கள் அக்கா. பிள்ளைகள் சிரித்து முடிக்கும்வரை ஜெபம் நின்றது.

நான் அங்கே போகும் நாளில் என் முறை வந்தால், இன்றைக்கு எனக்கு இன்ன ஆர்டர் கிடைத்தது, ஸ்தோத்திரம் என்பேன். யார் மூலமா என்று அக்கா கேட்பார்கள். என் மூலமாகத்தான் என்பேன். அது விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. இன்று என் கம்பெனியில் நூற்று நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். எந்தப் பேங்க்காரர் வீட்டு வாசலிலும் நான் காத்துக் கிடந்ததில்லை. தோலைத் தொட்டுப் பார்த்தே அது எந்த ஊர் ஆடு என்று சொல்லிவிடுவேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அக்காவின் வாழ்க்கையை அது இல்லாமல் எழுத முடியாது.

எனக்குப் பதினேழு வயது ஆனபோது, அக்கா தான் வேலை செய்த கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் மாஸ்டர் கரீம் பாயிடம் போய், என் தம்பியைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அவர் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருடம் கத்தி பிடிக்கவும், தோலின் எந்தப் பக்கம் கெட்டி, எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். ஒரு ஜோடியின் இடது காலையும் வலது காலையும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் கலர் சேராது. அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போனார். டேபிளைப் பார்த்துக்கொள் என்றார். அவர் வருவதற்குள் அன்றைக்கு வெட்ட வேண்டிய முழுத் தோல் லாட்டையும் முடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். பாட்டர்ன் அட்டையை இடது, வலது என்று மாற்றிக்கொண்டிருந்தால் நேரம் ஆகும் என்று, பாதித் தோல் அடுக்கில் எல்லா இடது காலையும் வெட்டினேன். மீதி அடுக்கில் எல்லா வலது காலையும் வெட்டினேன். பாய் வருவதற்குள் தையலுக்கும் அனுப்பிவிட்டேன். பேக்கிங்கில் பார்த்தபோது ஒரு கால் செம்மண் நிறம், ஒரு கால் காப்பிக்கொட்டை நிறம். லாட் முழுவதும் அப்படித்தான். யார் வெட்டியது என்று மேனேஜர் வந்து கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், என் டேபிள், என் தப்பு என்றார் பாய். நானும் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். அந்த டேபிளை எனக்குக் கொடுத்தார்கள்.

பாயை அனுப்பிய அன்று சாயங்காலம் அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மறுநாளே அக்கா பாய் வீட்டுக்குப் போனார்கள். மேனேஜரிடம் உண்மையைச் சொல்ல என்னை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாய் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு வாணியம்பாடிக்குக் குடிபோய், வீட்டிலேயே பெல்ட்டும் வாட்ச் வாரும் வெட்டிக் குடும்பத்தை நடத்தினார்.

நான் என்ன செய்தேன் என்றால், பத்தொன்பது வயதில் ஆண்டவர் எனக்கு அந்த டேபிளைத் திறந்து கொடுத்தார் என்று நம் சபையில் சாட்சி சொன்னேன். வருடா வருடம் சொன்னேன். உங்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். அக்கா பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டார்கள். ஒரு தடவையும் என்னைக் கண்டிக்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுட்டால் ஒரு டின் வாணியம்பாடிக்குப் போனது. பக்ரீத்துக்கு அங்கிருந்து கறி வந்தது. இதெல்லாம் மாமா மூலமாக நடந்தது என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது.

அக்காவுக்கு அறுபத்தெட்டு வயதில் மாமா இறந்தார். எழுபத்திரண்டில் சிறுநீரகம் பழுதானது. வாரம் இரண்டு தடவை வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. என் காரையும் டிரைவரையும் அதற்கென்றே விட்டேன். நேரம் கிடைத்தபோது நானும் கூடப் போனேன். ஒரு நாள் திரும்பி வரும்போது அக்கா சொன்னார்கள்: "தம்பி, ஆம்பூர்ல எறங்க வேணாம். நேரா வாணியம்பாடி போவலாம்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

"அடுத்த வாரம் நான் இருப்பன்னு டாக்டர் உன்கிட்ட எழுதிக் குட்த்தாரா?"

போனோம். பாய்க்கு எண்பது வயது தாண்டியிருந்தது. சந்துக்குள் வீடு. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வா முதலாளி. ஆம்பூர்லேர்ந்து இங்க வர்றதுக்கு அம்பது வருசம் ஆச்சா? ரோடு அவ்ளோ மோசமா?"

அவர் மருமகள் டீ கொண்டுவந்தார். அக்கா தண்ணீர் அளந்து குடிக்க வேண்டியவர்கள், இரண்டு வாய் மட்டும் குடித்தார்கள். நான் நின்றுகொண்டே, பாய், அந்த லாட்டை வெட்டியது நான் என்றேன். அவர் சிரித்தார்.

"டேபிள உன்கிட்ட விட்டுட்டுப் போனவன் நான். அதனால நான் சொன்னேன். வேல போனதுல எனக்கு பேஜார் இல்லப்பா. ஒரு தபா ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல என்ன பாத்துட்டு மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கின பாரு, அது தான் மறக்கல."

ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் எத்தனையோ பேருக்கு நான் நேருக்கு நேர் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா அனுமதி கேட்டு அந்த வீட்டில் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார்கள். பாயும் இரண்டு கையை ஏந்திக்கொண்டார். தன் உடம்புக்காக அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தம்பிக்குத் தொழில் தந்த கரீம் பாய்க்காக நன்றி என்று மட்டும் சொன்னார்கள்.

திரும்பும்போது காரில் அக்கா சொன்னது இது: "அவருகிட்ட சொல்லிட்ட. பொய்யி சொன்னது அவருகிட்ட இல்லையே, சபையில தான. அங்க சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சபையில் எல்லோரும் சாட்சி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து பெண்கள் பக்கம் ஓரத்தில் வைத்திருந்தார்கள். சாட்சி சொல்ல எழுந்தேன். எதிரே என் தொழிலாளர்கள், மற்ற கம்பெனி முதலாளிகள், நான் ஞானத் தகப்பனாக நின்று ஞானஸ்நானத்துக்குத் தாங்கிய பிள்ளைகள். என் வாயிலிருந்து பழைய சாட்சியே வந்தது. டேபிளைத் திறந்து கொடுத்த ஆண்டவர் வந்தார். பாய் பேர் வரவில்லை.

ஆராதனை முடிந்து நாற்காலியை நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசல் தாண்டினோம். பிறகு, "நல்லா பேசின தம்பி. ஒரு பேரு மட்டும் வுட்டுட்ட" என்றார்கள் அக்கா. மூன்று வாரத்தில் இறந்துபோனார்கள். காலையில் இறந்தார்கள், மகள் பக்கத்தில் இருந்தாள், வலி அதிகம் இல்லை. அடக்கத்துக்கு பாய் வந்து கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, பஸ் ஏறிப் போனார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட வேலூர் மருத்துவர்களுக்கும் நர்ஸுகளுக்கும், வெயிலானாலும் மழையானாலும் நேரம் தவறாத டிரைவர் தம்பிக்கும், ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து பாட்டுப் பாடிய பெண்கள் ஐக்கியத்தாருக்கும், ராத்திரி பகல் பாராத மகளுக்கும் மகனுக்கும், அடக்க நாளில் கதவு திறந்து தங்கள் வீட்டில் நம் ஜனங்களுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னை ஆளாக்கிய கரீம் பாய்க்கு என் நன்றி. ஐம்பது வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

இந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் நினைவு ஆராதனையில் நான் எழுந்து நிற்பேன். பாயை நேரில் போய் அழைத்திருக்கிறேன். நான் எதுக்குப்பா சர்ச்சுக்கு என்றார். பிறகு, சாப்பாடு யார் சமையல் என்று கேட்டார். வருகிறார். முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறேன். போதகர் ஐயா எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். விட்டுப்போன ஒரு பேரைச் சொல்ல அரை நிமிடம் போதும்.